யாருடைய சம்மதம்?

மேற்குத் திமோரின் மொல்லோ மலைப் பகுதியில் 2006ஆம் ஆண்டு ஏறத்தாழ 150 பெண்கள் பளிங்குப் பாறைகளின்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். கையோடு தறியையும் கொண்டுபோயிருந்தார்கள். இடுப்பில் பட்டை கட்டி நெய்யும் சிறிய தறி அது. ஒரு முனையை எதிலாவது கட்டிவிட்டு மறுமுனையைத் தன் உடம்போடு பிணைத்துக்கொள்ள வேண்டும். நெய்கிறவளின் முதுகு பின்னால் சாய்ந்து இழுத்தால்தான் பாவு தொய்யாமல் நிற்கும். பாறையை அறுத்தெடுக்க வந்த நிறுவனங்களுக்கு எதிரே அப்படி உட்கார்ந்து அவர்கள் நெய்தார்கள், ஓர் ஆண்டு முழுக்க. வீட்டில் சமையலையும் பிள்ளைகளையும் ஆண்கள் பார்த்துக்கொண்டார்கள். 2010க்குள் மொல்லோவின் நான்கு சுரங்க இடங்களிலும் வேலை நின்றுபோனது. இவர்களைத் திரட்டியவர் அலெத்தா பாவுன். ஊரார் அவரை மாமா அலெத்தா என்கிறார்கள். அங்கே மாமா என்றால் அம்மா. கூலிக்கு ஏவப்பட்டவர்கள் அவரை வெட்டினார்கள்; கால்களில் அரிவாள் காயம். கைக்குழந்தையோடு காட்டில் ஒளிந்து வாழ்ந்திருக்கிறார். 2013இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

பெண்கள் கல்லின்மேல் நெய்கிறார்கள், ஆண்கள் அடுப்பூதுகிறார்கள் என்ற இந்தக் காட்சி கேட்பவர் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. எனக்கும் பிடிக்கும். ஆனால் எனக்கு இதில் உறுத்துகிற கேள்வி, அவர்கள் பாறையில் ஏறுவதற்கு முந்தைய நாளைப் பற்றியது. அந்த நிறுவனங்கள் திருடர்களைப்போல் இரவில் வரவில்லை. கையில் உரிமம் இருந்தது. உரிமம் என்று ஒன்று இருந்தால் யாரோ எங்கேயோ 'சரி' என்று சொல்லியிருக்க வேண்டும். யார் சொன்னது? இத்தனை பெண்கள் ஓர் ஆண்டு உட்கார்ந்து 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்த ஒன்றுக்கு, யாருடைய தலை ஆடியது?

இந்தோனேசியாவின் 1974ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தில் 31ஆவது பிரிவு, கணவன் குடும்பத்தின் தலைவன் என்றும் மனைவி இல்லத்தரசி என்றும் எழுதிவைத்திருக்கிறது. மற்ற விஷயங்களில் அந்த நாட்டுச் சட்டங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. இந்த வரி மாறவில்லை. குடும்ப அட்டையில் முதல் பெயர் தலைவனுடையது. நிலப் பத்திரமும் பெரும்பாலும் அவன் பெயரில். ஊருக்குள் சுரங்கம் வரப்போகிறது என்றால் முதலில் ஒரு கூட்டம் போடுவார்கள். அதற்கு அங்கே 'சோசியலிசாசி' என்று பெயர். மக்களிடம் கருத்துக் கேட்பது என்று அதற்கு அர்த்தமில்லை. ஏற்கெனவே முடிவான ஒன்றை மக்களுக்குத் தெரியப்படுத்துவது என்றே அந்தச் சொல் அரசாங்க வழக்கில் புழங்குகிறது. பெட்டியில் சோறு தருவார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார்கள். வந்ததற்காகப் போட்ட அந்தக் கையெழுத்தே பிறகு ஒப்புதலாகக் காட்டப்பட்டது என்ற புகார் அந்த நாட்டின் பல சுரங்க ஊர்களிலிருந்து திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. அழைப்பு குடும்பத் தலைவர்களுக்கு. அவர்களின் மனைவிமார் அந்த நேரத்தில் தண்ணீருக்கோ விறகுக்கோ போயிருப்பார்கள். இல்லையென்றால் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டிருப்பார்கள்.

இதற்கெல்லாம் மேலே அரசமைப்புச் சட்டத்தின் 33ஆவது பிரிவு இருக்கிறது. நிலமும் நீரும் அவற்றுள் அடங்கிய இயற்கை வளமும் அரசின் கட்டுப்பாட்டில் இருக்கும், மக்களின் உச்சபட்ச நல்வாழ்வுக்காகப் பயன்படுத்தப்படும் என்கிறது அது. காலனியாட்சியிலிருந்து விடுபட்ட ஒரு தேசம் பெருமிதத்தோடு எழுதிக்கொண்ட வாசகம். 'மக்கள்' என்ற அந்தச் சொல்லுக்குள் மொல்லோ பெண் இருக்கிறாள், ஜகார்த்தாவில் பங்குச் சந்தையில் பணம் போட்டிருக்கிறவரும் இருக்கிறார். இருவரில் யாருடைய நல்வாழ்வு என்று பிரிவு சொல்வதில்லை. 2020இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டம் உரிமம் தரும் அதிகாரத்தை மாகாணங்களிடமிருந்து எடுத்து மத்திய அரசுக்குக் கொடுத்தது. உரிமம் பெற்றவரின் சுரங்க வேலைக்கு இடையூறு செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது பத்துக் கோடி ரூப்பியா வரை அபராதம் என்ற 162ஆவது பிரிவும் அதில் இருக்கிறது. பத்துக் கோடி ரூப்பியா நம் கணக்கில் ஏறத்தாழ ஐந்து லட்சம் ரூபாய். மலைக் கிராமத்தில் நெய்து விற்கும் ஒருத்தி கனவிலும் பார்க்காத தொகை.

ஆக, 'சரி' என்றால் நல்ல குடிமக்கள், 'இல்லை' என்றால் குற்றவாளிகள். இப்படிப்பட்ட இடத்தில் சொல்லப்படும் 'சரி'யைச் சம்மதம் என்று அழைக்க முடியுமா?

இந்தக் கேள்வி பெண்ணியத்துக்குப் புதிதில்லை. நம் உடம்பு விஷயத்தில் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறோம். மறுத்தால் அடி விழும், மறுத்தால் சோறு கிடைக்காது, மறுத்தால் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டும் என்ற நிலையில் ஒருத்தி படுக்கையில் பேசாமல் இருந்தால் அது சம்மதம் இல்லை என்று சொல்வதற்கே எத்தனை பேர் எத்தனை மேடைகளில் தொண்டை கிழியப் பேச வேண்டியிருந்தது. 'மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி' என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அந்த மௌனத்தால் இலாபமடைந்தவர்கள் உண்டாக்கிய பழமொழி என்றுதான் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். மறுக்க இடமிருந்தால்தான் ஒப்புதலுக்கு மதிப்பு. படுக்கைக்குப் பொருந்துகிற இந்த விதி மலைக்கும் பொருந்தும் என்பதுதான் என் வாதம்.

ஐ.நா.வின் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம் 2007இல் வந்தது. சுதந்திரமாக, முன்கூட்டியே, முழு விவரம் அறிந்து தரப்படும் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இந்தோனேசியா அதற்கு ஆதரவாக வாக்களித்த நாடு. 2013இல் அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றமும், மரபுவழிச் சமூகங்களின் காடு அரசுக் காடு ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. தாளில் குறையில்லை. ஆனால் அந்தப் பிரகடனம் கேட்கும் ஒப்புதல் 'சமூகத்தின்' ஒப்புதல். சமூகம் என்று யாரை அழைத்துப் பேசுவார்கள் என்பது நமக்குத் தெரியாததா? ஊர்த் தலைவரை, குலப் பெரியவரை. அவர்களும் ஆண்கள். மொல்லோ உட்பட அந்த மாகாணத்தின் பல சமூகங்களில் 'பெலிஸ்' என்றொரு வழக்கம் உண்டு: மணமகன் வீட்டார் மணமகள் வீட்டாருக்குக் கால்நடையும் பணமும் பொருளும் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை இரு வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். எந்தப் பெண்ணைப் பற்றிய பேச்சோ அவள் அந்தப் பேச்சில் இருக்க மாட்டாள். மரபு காக்கப்பட்டுவிட்டால் பெண் காக்கப்பட்டுவிடுவாள் என்று நம்புகிறவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

அப்படியிருக்க மொல்லோவில் பெண்கள் எப்படி முன்னுக்கு வந்தார்கள்? பெண்கள் முன்னால் நின்றால் கைகலப்பு மூளாது என்ற கணக்கு ஒரு காரணம். பெரிய காரணம் தறி. நூலுக்கு நிறம் காட்டிலிருந்து வருகிறது. நீலத்துக்கு அவுரி, சிவப்புக்கு நுணா வேர். நம் ஊர் வேலியோரத்தில் நிற்கிற நுணா மரத்தின் இனம்தான் அது. காடு போனால் சாயம் போகும், சாயம் போனால் துணி போகும். துணி அங்கே உடுப்பு மட்டுமில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் கொடுத்து வாங்குகிற பொருள், கையில் காசு வரும் வழி. ஆணின் சொத்து பத்திரத்தில் இருந்தது. பெண்ணின் சொத்து ஒரு செடியின் வேரில் இருந்தது. பத்திரத்துக்கு விலை பேச ஆள் வந்தார்கள். வேருக்கு விலை உண்டென்றே யாருக்கும் தெரியவில்லை.

மொல்லோ மக்கள் நிலத்தை உடம்பாகப் பார்க்கிறார்கள். கல் எலும்பு, நீர் இரத்தம், மண் சதை, காடு தலைமுடி. ஒவ்வொரு குலத்துக்கும் பெயர் தந்த ஒரு கல், ஒரு நீர், ஒரு மரம் உண்டு. பூமியைத் தாயாக்கிக் கும்பிடுகிற பழக்கத்தின்மேல் எனக்கு நெடுநாள் சந்தேகம் உண்டு. கும்பிட்டு முடித்த கையோடு தோண்டவும் அது தடையாக இருந்ததில்லை. இங்கே சொல்லப்படுவது தாய் என்ற புகழ்ச்சி இல்லை, உடம்பு என்ற வெறும் விவரம். மேற்குத் திமோரின் பெரிய ஆறுகள் முட்டிஸ் மலையில்தான் பிறக்கின்றன. பாறையை எடுத்தால் நீர் போகும் என்பதை அவர்கள் எலும்பையும் இரத்தத்தையும் வைத்துச் சொல்கிறார்கள்.

நாம் 'இழப்பீடு' என்று ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறோம். இழந்ததற்கு ஈடு. ஈடு என்றால் சமம். தமிழில் அதே சொல்லுக்கு அடமானம் என்ற பொருளும் உண்டு. இந்தோனேசியாவில் இதற்கு 'தாலி ஆசிஹ்' என்று இன்னொரு பெயர் இருக்கிறது. நேர்ப்பொருள் அன்புக் கயிறு. சட்டப்படி ஈடு தர வேண்டிய கடமை இல்லை, பரிவால் தருகிறோம் என்று காட்ட வேண்டிய இடங்களில் இந்தச் சொல் வரும். கிழக்குக் களிமந்தானின் சமரிந்தா நகரைச் சுற்றி நிலக்கரி எடுத்துவிட்டு மூடாமல் விட்ட பள்ளங்களில் மழைநீர் தேங்கி ஏரிபோல் நிற்கிறது. 2011இலிருந்து அந்த மாகாணத்தில் 30க்கும் மேற்பட்டவர்கள் அத்தகைய பள்ளங்களில் மூழ்கிச் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். பள்ளத்தை மூட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பிள்ளையை இழந்த வீட்டுக்குப் பணக்கட்டோடு ஆள் வந்து, அன்புக் கயிறு என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, வழக்குப் போட மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டால் அந்தத் தாய் அப்போது எதற்குச் சம்மதித்தாள்? அந்த நிலக்கரி நமக்குத் தூரத்துப் பொருள் இல்லை. தமிழ்நாட்டு அனல் மின் நிலையங்களுக்கு இந்தோனேசிய நிலக்கரி கப்பலில் வந்து இறங்குகிறது. இந்தக் கட்டுரையை எழுதும்போது என் தலைக்குமேல் சுற்றும் மின்விசிறிக்கு அதில் எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.

வகுப்பில் மாமா அலெத்தா பற்றிப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "அந்தப் பொண்ணுங்க மலையிலேயே நெஞ்சுகிட்டுக் கிடக்கணும்னு நெனைக்க நாம யாரு மேம்? மாசச் சம்பளம் வர்ற வேலை வந்தா வேண்டாம்னு ஏன் சொல்லணும்?" நெய்துகொண்டு என்பதை அவள் ஊர்ப் பேச்சில் அப்படித்தான் சொன்னாள். நல்ல கேள்வி. மாதம் பிறந்தால் வங்கியில் சம்பளம் விழுகிற ஒருத்தி, தறியின் அழகைப் பற்றிக் கவிதையாகப் பேசுவதில் ஒரு கயமை இருக்கிறது. அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

முதலில், சம்பளம் வந்த ஊர் எப்படி இருந்தது என்று பார்க்கலாம். சுலவேசித் தீவில், இந்தோனேசியாவிலேயே ஆழமான மத்தானோ ஏரியின் கரையில் சொரொவாக்கோ என்ற ஊர். 1968இல் கனடாவின் இன்கோ நிறுவனம் அங்கே நிக்கல் எடுக்க அரசோடு ஒப்பந்தம் போட்டது. நெல் விளைந்த வயல்கள் நிறுவனத்தின் குடியிருப்புக்குப் போயின. எழுபதுகளின் இறுதியில் அந்த ஊரில் தங்கி ஆய்வு செய்த ஆஸ்திரேலிய மானிடவியலாளர் கேத்ரின் ராபின்சன் 1986இல் ஒரு நூல் எழுதினார். முன்னேற்றத்தின் மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். முன்பு வயலில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்தார்கள். விளைச்சலில் பெண்ணின் கை இருந்தது, ஆகவே அவள் பேச்சுக்கும் இடமிருந்தது. சுரங்கம் சம்பளத்தைக் கொண்டுவந்தது, ஆண்களுக்கு. வயல் போன பெண்களுக்கு வீடு மிச்சமானது. சட்டத்தில் எழுதியிருந்த 'இல்லத்தரசி' அந்த ஊரில் அப்போதுதான் உண்மையாகவே பிறந்தாள். கணவன் தரும் காசை எண்ணி அரிசி வாங்குகிறவளாக.

மருத்துவமனை, சாலை, மின்சாரம் எல்லாம் வந்தன. அவற்றை இளக்காரமாகப் பேச மாட்டேன். பிரசவத்தில் செத்துப்போகாமல் பிழைத்த ஒரு பெண்ணிடம் போய் வளர்ச்சி ஒரு மாயை என்று சொல்ல எனக்கு வாய் வராது. இந்தோனேசியச் சுரங்கங்களில் இன்று வீடு உயரத்துக்கு நிற்கும் லாரிகளை ஓட்டும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் தங்கை தானும் அப்படி ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டால் அந்த ஆசைக்கு ஒரு குறையும் இல்லை.

மொல்லோ இருக்கும் மாகாணத்தில் வேறொரு கசப்பும் உண்டு. கிழக்கு நுசா தெங்காரா நாட்டின் ஏழை மாகாணங்களில் ஒன்று. அங்கிருந்து இளம் பெண்கள் வீட்டு வேலைக்கு மலேசியாவுக்குப் போகிறார்கள், பலர் உரிய தாள்கள் இல்லாமல் தரகர்களின் கையில். குப்பாங் விமான நிலையத்துக்கு ஆண்டுதோறும் சவப்பெட்டிகள் வந்து இறங்குகின்றன. சுரங்கத்தை விரட்டிய மலையிலிருந்தும் மகள்கள் ஏன் கிளம்புகிறார்கள் என்ற கேள்வியைத் தாண்டிவிட்டு மொல்லோவைக் கொண்டாட முடியாது. மறுத்ததால் வறுமை தீர்ந்துவிடவில்லை.

ஆனாலும் என் மாணவிக்கு நான் சொன்னது இது. சுரங்கத்துக்குச் சொல்லும் 'சரி'யும் 'இல்லை'யும் ஒரே எடை உள்ளவை இல்லை. 'இல்லை' என்று இன்று சொன்னால் நாளைக்கு அவள் மகள் 'சரி' என்று சொல்ல இடமிருக்கும். பாறை அங்கேயே இருக்கும். இன்று 'சரி' என்று சொல்லி அறுத்துவிட்டால் மகளுக்கு மறுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. மறுப்பு அடுத்தவளுக்குத் தேர்வை விட்டுவைக்கிறது. ஒப்புதலோ, பிறக்காதவள் பெயரிலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறது. உன் வாழ்க்கைக்கு நீ சம்மதிக்கலாம். இன்னும் வாய் முளைக்காதவளுக்காகத் திருப்ப முடியாத ஒன்றுக்குச் சம்மதிக்கும் உரிமை உனக்கு எங்கிருந்து வந்தது? எனக்கும் இல்லை, குடும்பத் தலைவனுக்கும் இல்லை, 33ஆவது பிரிவைக் கையில் வைத்திருக்கும் அரசுக்கும் இல்லை.

அவள் விடவில்லை. "அப்போ இப்ப இருக்கிறவ பசிக்கு?" என்றாள். பசிக்குச் சுரங்கம்தான் பதில் என்று தீர்மானித்தது யார் என்று திருப்பிக் கேட்டேன். பள்ளிக்கூடமும் பிரசவ ஆஸ்பத்திரியும் குடிமக்களுக்கு அரசு தர வேண்டியவை. மலையைக் கொடுத்தால்தான் அவை வரும் என்று ஒரு பேரம் போடப்படுகிறது. உன் அப்பா கடனைக் கட்ட வேண்டுமென்றால் இந்த மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டு என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தலையாட்டிய பெண்ணை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் கல்யாணத்தை அவள் விருப்பம் என்றும் எழுத மாட்டோம். அவள் முழுதும் ஒத்துக்கொண்டாள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

மறுப்பு அடுத்தவளுக்கு இடம் விட்டாலும் மறுப்பவளுக்கு அது மலிவாகக் கிடைப்பதில்லை. 'சரி' என்பதை ஒருமுறை சொன்னால் போதும்; 'இல்லை' என்பதைத் தினமும் சொல்ல வேண்டும். நடு ஜாவாவின் கெண்டெங் மலைத்தொடரில் சுண்ணாம்புக் கல்லைத் தோண்டிச் சிமெண்ட் ஆலை அமைப்பதை எதிர்த்த ஒன்பது உழவர் பெண்கள் 2016 ஏப்ரலில் ஜகார்த்தா சென்று, குடியரசுத் தலைவர் மாளிகைக்கு எதிரே மரப் பெட்டிகளில் கால் வைத்துச் சிமெண்ட் ஊற்றி இறுகவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரெம்பாங் ஆலையின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்தது. வெற்றிதானே? 2017 பிப்ரவரியில் மாகாண ஆளுநர் புதிய அனுமதி ஒன்றை வழங்கிவிட்டார். பெண்களும் ஆண்களும் மார்ச்சில் மீண்டும் காலைச் சிமெண்டில் புதைத்தார்கள். அவர்களில் ஒருவரான பாத்மி, போராட்டத்தின் இடையே மார்ச் 21 அன்று மாரடைப்பில் இறந்தார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு மறுப்பை மறுபடியும் உடம்பால் சொல்ல வேண்டியிருந்தது. நிறுவனத்தின் ஒப்புதல் தாளுக்கு இப்படி யாரும் கால் புதைக்க வேண்டியதில்லை.

உலகில் இன்று வெட்டியெடுக்கப்படும் நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. 2020இல் கச்சாத் தாது ஏற்றுமதியைத் தடை செய்த அரசு, உருக்காலைகளை உள்நாட்டிலேயே கட்ட வைத்தது. சுலவேசியிலும் ஹல்மஹேராவிலும் மீன்பிடி ஊர்களின் பக்கத்தில் அவை புகைகின்றன. மின்சாரக் கார்களின் பேட்டரிக்கும் நல்ல ரக எவர்சில்வருக்கும் அந்த நிக்கல் போகிறது. பூமியைக் காப்பாற்றத்தான் இந்தக் கார்கள் என்கிறார்கள். முன்பெல்லாம் தேசத்துக்காக என்று கேட்டார்கள், இப்போது பூமிக்காக என்று கேட்கிறார்கள். கேட்கிற காரணம் பெரிதாகப் பெரிதாக, மறுக்கிறவள் சுயநலக்காரியாகிப்போகிறாள். வீட்டுக்குள்ளும் இப்படித்தானே நடக்கிறது, குடும்பத்துக்காக என்று.

மாமா அலெத்தா 2014இல் மாகாண சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பாறையிலிருந்து எழுந்து, உரிமங்களைப் பற்றிப் பேசப்படும் அறைக்குள் போனார். அறைக்குள் ஒருத்தி போனதால் அறை மாறிவிடுவதில்லை. 2024இல் முட்டிஸ் மலை தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இப்போது வந்திருப்பது சுரங்கம் இல்லை, பாதுகாப்பு; சுற்றுலாவும் கூடவே வரலாம். மலையடி ஊர்களில் எதிர்ப்புக் கிளம்பியது. எங்களை யாரும் கேட்கவில்லையே என்பதுதான் இந்த முறையும் அவர்கள் சொன்னது.